முழங்கால் பச்சை

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். வானவில்லைப் பொறுத்தவரை ஆடை முக்கால். மீதிக் கால் பங்கு ஆள் ஒல்லியாக, முன்பல் கொஞ்சம் எட்டிப் பார்க்க, எந்நேரமும் அடுத்தவர் வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி நடந்துபோகும். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அவர் குடியிருந்த தெருவிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள். வானவில் என்ற பட்டத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவருடைய வேலைப் பேண்ட்.

அந்தப் பேண்ட் ஏதோ ஒரு காலத்தில் காக்கியாக இருந்திருக்க வேண்டும். இப்போது அதன் இடது தொடையில் ஒரு வங்கியின் நீலம், அதற்குக் கீழே பள்ளிக்கூடத்து மஞ்சள், கணுக்காலைச் சுற்றி மருந்துக் கடையின் இளஞ்சிவப்பு, பின்பக்கத்தில் ஒரு வக்கீல் வீட்டு மாடிப்படியின் சந்தனம். காயாத படியில் உட்கார்ந்தது அவர் தப்புதான். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கம்பெனி கொடுக்கும் வண்ண அட்டையைப் புரட்டிப் புரட்டிக் களைத்துப்போய், கடைசியில் அவர் கால்களைப் பார்ப்பார்கள். "இந்தக் கணுக்கால் கலரையே ஹாலுக்கு அடிச்சிடுங்க" என்பார்கள். அவரும் கூச்சமில்லாமல் முன்னும் பின்னும் திரும்பி நின்று காட்டுவார். சந்தனம் கேட்டவர்களிடம் மட்டும் கொஞ்சம் கூச்சம் உண்டு.

அவர் மனைவி நேர் எதிர். மூக்குக் கண்ணாடிக் கடையில் கவுண்டரில் வேலை. அங்கே வெள்ளைக் கோட்டுப் போட வேண்டும். அந்தக் கோட்டை அவள் துவைத்து, தேய்த்து, மாட்டி வைக்கும் அழகைப் பார்த்தால் அதற்குள் யாரோ பெரிய மனிதர் குடியிருக்கிறார் என்று தோன்றும். "கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொல்லுவாங்க" என்று காலையில் ஒருமுறை சொல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. "கசக்கித்தான் கட்டுறேன். போனாத்தானே?" என்பார் வானவில்.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த சங்கதி ஒருநாள் சிரிப்பாக இல்லாமல் போயிற்று. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் தன் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். பாவம், தடவித் தடவி வேலை பார்ப்பாளே என்று வானவில் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். கடை மேலாளர் வாசலிலேயே மறித்தார்.

"பெயிண்ட் வேலை எதுவும் இல்லப்பா. போன மாசம்தான் அடிச்சோம்."

உள்ளே கவுண்டரில் நின்ற மனைவி இதைக் கேட்டாள். கேட்டும் வாய் திறக்கவில்லை. வானவில் கண்ணாடிக் கூட்டை நீட்டினார். அவள் யாரோ பார்சல் கொண்டுவந்தவரிடம் சொல்வதுபோல், "சரி, வச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் வைத்துவிட்டுப் போனார்.

வழியெல்லாம் அவருக்கு வலித்தது உண்மை. ஆனால் சாயங்காலம் அவள் வாடிய முகத்தோடு வந்து நின்றதைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டார். "விடு. கண்ணாடி இல்லாம உனக்கு ஆளு அடையாளம் தெரிஞ்சிருக்காது."

அவள் அழுதேவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேண்ட் என்ற பேச்சே எழவில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் பல் டாக்டரம்மாவின் வேலை வந்தது. புதிதாகத் திறக்கப்போகும் மருத்துவமனை, மாடியில் அவர் வீடு, சுற்றுச்சுவர் எல்லாம் சேர்த்து. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து தன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த வானவில்லுக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. ஆனால் டாக்டரம்மா லேசுப்பட்டவர் இல்லை. பல்லுக்குப் பல் நிறம் ஒத்துப் பார்த்து வைக்கிறவர். வெள்ளையிலேயே பதினாறு வகை பார்க்கிற கண். மூன்று கம்பெனிகளின் அட்டைகளையும் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்ல" என்று தள்ளிவிட்டார்.

"என் நாற்காலியில வாயத் தொறந்துக்கிட்டுப் படுத்திருக்கிறவங்க இந்தச் சுவத்தைத்தான் பாப்பாங்க. பாத்தா பயம் போகணும். அந்தக் கலர் வேணும்."

பயம் போகிற கலருக்கு எந்தக் கம்பெனியில் நம்பர் இருக்கிறது? வானவில் தலையைச் சொறிந்தபடி கிளம்ப எழுந்தார்.

"அசையாதீங்க!" என்றார் டாக்டரம்மா. குறடு கையில் இருக்கும்போது சொல்லிப் பழகிய குரல். வானவில் அப்படியே நின்றார். "உங்க வலது முழங்கால்ல இருக்கே, அது என்ன கலர்?"

வானவில் குனிந்து பார்த்தார். முழங்காலில் ஒரு பச்சைத் தீற்று. இத்தனை காலம் அவர்கூடவே மண்டிபோட்டு எழுந்த பச்சை. பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. எந்த வீட்டில் ஒட்டியது என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

"சுவத்தோட முழங்காலை ஒட்டி வைங்க."

வைத்தார். டாக்டரம்மா நோயாளி நாற்காலியில் ஏறிப் படுத்து, "ஆ" என்று வாயைத் திறந்துகொண்டு முழங்காலையே உற்றுப் பார்த்தார். மண்டியிட்ட வானவில்லுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் வாயை மூடிக்கொண்டு டாக்டரம்மா எழுந்தார்.

"பயமே வரல. இதேதான் வேணும். ஆனா அச்சு அசலா இதே. புதன்கிழமைக்குள்ள கலந்து காட்டுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்."

முழங்கால் கூடவே இருக்கும்போது என்ன கவலை? வானவில் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பெரிய வேலை கிடைத்திருக்கிறது என்பதை மட்டும் மனைவியிடம் சொன்னார். முழங்கால் சமாசாரத்தைச் சொல்லவில்லை. ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டிக்கொண்டு திரும்பினால், கட்டிலின் மேல் புத்தம்புது சாம்பல் நிறப் பேண்ட், கோடு போட்ட முழுக்கைச் சட்டை, பளபளவென்று ஒரு ஜோடி ஷூ.

"பெரிய இடத்து வேலைன்னு சொன்னீங்கல்ல? இனிமே இதுதான்" என்றாள் மனைவி.

"பழசு?"

"போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"போன இடத்துல நல்லா இருக்கும். கேக்காதீங்க. முதல்ல போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டினார். கண்ணாடிக்குள் யாரோ ஒரு கனவான் திருதிருவென்று விழித்தார். மனைவியோ பூரித்துப்போய் நின்றாள். கல்யாணம் ஆன புதிதில் பார்த்த முகம் அது. அந்த முகத்தைப் பார்த்து, "என் முழங்காலைத் திருப்பிக் கொடு" என்று எந்தப் புருஷனால் கேட்க முடியும்? வானவில்லால் முடியவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த பச்சை, நினைவிலிருந்து கலந்துவிட்டால் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை மருத்துவமனைக்குள் அவர் காலை வைத்ததுமே எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கி வணக்கம் வைத்தார்.

"வாங்க சார். இந்த ஸ்விட்ச் போர்டை எங்க சார் வைக்கறது? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

நான் பெயிண்டர் என்று சொல்ல வானவில் வாயெடுத்தார். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? கையை நீட்டி ஒரு மூலையைக் காட்டினார். எலக்ட்ரீஷியன் அங்கேயே துளை போட ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. புதுப் பேண்ட்டில் மண்டியிட மனம் வரவில்லை. சட்டையில் தெறித்துவிடுமோ என்று, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப்போகிறவர் மாதிரி பிரஷை ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்தே அடித்தார். சுவரில் விழுந்த பட்டை பாம்பு ஊர்ந்த தடம்போல் நெளிந்தது. முதல் பச்சை காய்ந்ததும் டாக்டரம்மா நாற்காலியில் படுத்துப் பார்த்தார்.

"இது வெள்ளரிக்காய்."

வானவில் கொஞ்சம் நீலம் சேர்த்தார்.

"இது கிளி."

சாம்பல் சேர்த்தார். மறுநாள் மஞ்சளைக் குறைத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துகொண்டே இருந்தது.

"இது ஆஸ்பத்திரி" என்றார் டாக்டரம்மா.

"ஆஸ்பத்திரிதானே டாக்டர்?"

"அது தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு! அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கிட்டு வாங்களேன். வச்சுப் பாத்தா முடிஞ்சுபோச்சு."

"அது... துவைக்கப் போட்டிருக்கு."

"துவைக்கவா!" டாக்டரம்மா நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டரின் முகத்தில் பயத்தைப் பார்ப்பது அவ்வளவு நல்ல காட்சி இல்லை. "நாளைக்குக் காலை வரைக்கும் பாப்பேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்தபோது வானவில் வாசலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் முதலில் சட்டையைப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை. சந்தோஷப்படப் போனவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? முழங்காலில் ஆரம்பித்து வெள்ளரிக்காய், கிளி வழியாக நாளைக் காலை வரை ஒன்று விடாமல் சொன்னார். கேட்கக் கேட்க அவள் கண்கள் விரிந்தன.

"இதை ஞாயித்துக்கிழமையே சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

"வாய் இருந்துச்சு. உன் மூஞ்சியைப் பாத்தேன். மூடிக்கிச்சு."

அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அவள் தம்பி பக்கத்துத் தெருவில் ஸ்கூட்டர் மெக்கானிக். பேண்ட் அங்கேதான் போயிருந்தது.

ஒரு ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து தம்பி தலையை நீட்டினான். மாமாவின் ஷூவைப் பார்த்துவிட்டு யாரோ புது வாடிக்கையாளர் என்று நினைத்து அவசரமாக எழுந்து, மண்டையை இடித்துக்கொண்டான்.

"மாப்ள, அக்கா குடுத்த பேண்ட் எங்க?"

"அதுவா? அருமையான துணி மாமா. அப்படியே எண்ணெய உறிஞ்சிடுது! நாலா வெட்டி வச்சிருக்கேன்."

"வலது கால் எங்க?"

"துடைக்கிற துணியில வலதென்ன, இடதென்ன மாமா?"

எண்ணெய் வாளிக்குள் கைவிட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துப் போட்டான். வங்கி நீலம் பாதி தெரிந்தது. பள்ளிக்கூடத்து மஞ்சள் தெரிந்தது. வலது முழங்கால் மட்டும் கன்னங்கரேலென்று எண்ணெயைக் குடித்துவிட்டுக் கிடந்தது. சோப்பு, மண்ணெண்ணெய் எதைப் போட்டுத் தேய்த்தும் கறுப்பு கொஞ்சம் வெளுத்ததே தவிர, பச்சை திரும்பவில்லை. பின்பக்கத்துச் சந்தனம் மட்டும் மாசு மருவில்லாமல் அப்படியே இருந்தது. வேண்டாததற்குத்தான் ஆயுசு கெட்டி.

மனைவி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு நீங்க கடை வாசல்ல நின்னப்ப, இவர் என் வீட்டுக்காரர்னு சொல்ல எனக்கு வாய் வரல. வெக்கமாப் போச்சு. தப்பு பண்ணது என் வாய். தண்டனையை உங்க பேண்ட்டுக்குக் குடுத்துட்டேன்."

மச்சான் முன்னால் அழுதால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவான் என்று வானவில் அழுகையை அடக்கிக்கொண்டார்.

"சரி விடும்மா. அந்தப் பச்சை எங்க ஒட்டுச்சுன்னு தெரிஞ்சாலாவது அங்க போய்ப் பாக்கலாம். ஏதோ பள்ளிக்கூடத்து ஜன்னல்னு நினைக்கிறேன்."

அவள் நிமிர்ந்தாள். "பள்ளிக்கூடமா? நம்ம குளியலறை முக்காலிங்க அது!"

"எந்த முக்காலி?"

"மறந்துட்டீங்களா? குடிவந்த புதுசுல உங்களுக்கே தெரியாம நான் பெயிண்ட் அடிச்சு வச்சேன். நீங்க காயறதுக்கு முன்னால அது மேல முழங்காலை ஊனி பல்பு மாட்டினீங்க. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சீங்க."

வானவில்லுக்கு நினைவு வந்தது. சுவருக்கு அடிக்கிற பெயிண்ட்டை முக்காலிக்கு அடித்திருந்தாள். தண்ணீர் பட்டுப் பட்டு ஒரே மாதத்தில் உரிந்துபோயிற்று. முக்காலியும் உடைந்து போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்ப அதை என்ன போட்டுக் கலந்தே?"

"மிச்சம் இருந்த வெள்ளை. அதுல கொஞ்சம் பச்சை. அவ்வளவுதான்."

"அதை நான் பத்து தடவை கலந்துட்டேன். வெள்ளரிக்காய்தான் வருது."

அவள் யோசித்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"நீங்க அப்ப சுத்துச்சுவருக்குச் செங்கல் சிவப்பு அடிச்சிட்டு வந்திருந்தீங்க. அந்தக் குச்சி கிடந்துச்சு. அதாலயே கலக்கினேன்."

"கழுவாமலா?"

"கழுவாம."

கழுவாத குச்சியால் அடுத்த கலரைத் தொடுவது அந்தத் தொழிலில் செய்யக் கூடாத பாவம். வானவில் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்தப் பச்சையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லும் மகராசி, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒன்றைக் கழுவாமல் விட்டதில் பிறந்த கலர் அது.

தம்பிதான் முதலில் சிரித்தான். அப்புறம் அவர்களும் சிரித்தார்கள்.

"மாமா, இந்த உடுப்போட போய்க் கலக்காதீங்க. இதைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று தன் மெக்கானிக் உடுப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இவர் உடம்புக்கு அதில் இன்னொருவர் வாடகைக்கு இருக்கலாம்.

வீட்டுக் கொல்லையில் வாளியில் வெள்ளையை ஊற்றி, பச்சையை விட்டு, செங்கல் சிவப்பில் தோய்த்த குச்சியை அவளிடமே கொடுத்தார். அவருக்கே கை வரவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கலக்கினாள். கலக்கிய வேகத்தில் ஒரு பெரிய சொட்டு எம்பி, வெள்ளைக் கோட்டின் முழங்கையில் சொத்தென்று அமர்ந்தது.

வானவில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் முழங்கையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று கலக்குவதைத் தொடர்ந்தாள்.

மறுநாள் காலையில் இருவருமாக வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்றுக் கோட்டு ஈரமாகக் கொடியில் கிடந்ததால் அவள் அந்தக் கோட்டையே போட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி மறைத்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா வாளிக்குள் பார்த்தார்.

"இது இல்ல."

ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்தால் அடர்த்தியாகும் என்று வானவில் விளக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா காதில் வாங்கவில்லை. அவர் கண் வேறெங்கோ போய்விட்டது.

"அசையாதீங்கம்மா!"

மனைவி வெலவெலத்துப் போனாள். "கறைங்க. தெரியாம..."

"கையை எடுங்க. முழங்கையைச் சுவத்தோட வைங்க. இன்னும் கொஞ்சம் மேல."

வைத்தாள். டாக்டரம்மா நாற்காலியில் படுத்து வாயைத் திறந்தார். வானவில் தன் மனைவி சுவரோடு சுவராக நிற்பதைப் பார்த்தார். ஊரார் முன் அவர் இத்தனை வருஷம் நின்ற நிலை. சிரிப்பு வந்தது. அவள் முறைத்தாள்.

"இதேதான்!" என்றார் டாக்டரம்மா. "வேலை முடியற வரைக்கும் இந்தக் கோட்டைத் துவைக்கவே கூடாது. ஒவ்வொரு வாளியையும் இதோட ஒத்துப் பாத்துட்டுத்தான் அடிக்கணும். நகலைப் பாத்து நகல் எடுத்தா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா மாறிடும். அப்புறம், அந்த மூலையில, கதவுக்குப் பின்னால யாரு ஸ்விட்ச் போர்டு வைக்கச் சொன்னது?"

ஏணி மேலிருந்த எலக்ட்ரீஷியன் தொளதொள மெக்கானிக் உடுப்பில் நின்ற வானவில்லை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளமே தெரியவில்லை. "திங்கக்கிழமை ஒரு பெரிய சார் வந்து சொன்னாருங்க" என்றார். வானவில் குனிந்து வாளியைக் கலக்கத் தொடங்கினார்.

மத்தியானம் பெரிய வாளி தயாரானது. ஓர் அட்டைத் துண்டில் அடித்துக் காயவைத்தார். அசலோடு ஒத்துப் பார்க்காமல் பிரஷைத் தொட முடியாது. அசல் மனைவியின் முழங்கையோடு கண்ணாடிக் கடையில் இருந்தது.

கடை இருந்த தெருவுக்கு வந்ததும் அவர் நடை தளர்ந்தது. அன்றைக்காவது சொந்தப் பேண்ட். இன்றைக்கோ இடுப்பில் கயிறு கட்டிய மெக்கானிக் உடுப்பு, அதில் மச்சானின் எண்ணெய், அதன் மேல் தன் பெயிண்ட். அவள் வெளியே வரும்வரை ஓரமாக நின்றுவிடலாமா என்று யோசித்தார். அதற்குள் மேலாளர் கதவைத் திறந்துவிட்டார்.

"பெயிண்ட் வேலை இல்லன்னு அன்னிக்கே சொன்னேனேப்பா." உடுப்பைப் பார்த்துவிட்டு, "வண்டி ரிப்பேரும் இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"என்னங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அங்கேயே ஏன் நிக்கறீங்க? உள்ள வாங்க."

கடை முழுக்க ஆட்கள். கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் புதுக் கண்ணாடி வழியாகவே திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேலாளரைப் பார்த்துச் சொன்னாள்: "என் வீட்டுக்காரர் சார். பெயிண்டர். அன்னிக்கு என் கண்ணாடியைக் கொண்டாந்து குடுத்தாரே, அவரேதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

மேலாளர் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தார்.

வானவில் உள்ளே போனார். அவள் வெள்ளைக் கோட்டின் முழங்கையைக் கவுண்டரின் மேல், விளக்குக்கு நேராக நீட்டி வைத்தாள். அவர் அட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

அவள் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். "இப்பப் பாருங்க" என்றாள்.